61 வாக்குகளில் நிறைவேறிய நாஃப்டா

1993 நவம்பர் 20. அமெரிக்க செனட்டில் நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு 61 பேர் ஆதரவாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் பிரதிநிதிகள் சபையில் 234-க்கு 200 என்று அது தேறியிருந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். 1994 ஜனவரி 1 முதல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் ஒரே வர்த்தக வளையத்துக்குள் வந்துவிட்டன.

அந்த 61 எனக்கு நீண்ட நாளாக நெருடுகிறது. வெளிநாடுகளோடு அதிபர் செய்யும் உடன்படிக்கைக்கு, அவையில் இருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் கூறு. வாக்களித்த 99 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 66. ஐந்து வாக்கு குறைகிறது. ஆனாலும் ஒப்பந்தம் நிறைவேறியதாகவே அறிவிக்கப்பட்டது. சபாநாயகரோ நீதிமன்றமோ அதை நிறுத்தவில்லை. மூன்று நாட்டுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை மாற்றிப்போட்ட ஒரு ஆவணம், அரசமைப்புச் சட்டம் சொன்ன வாசல் வழியாக வராமல் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது.

நான் மிச்சிகனுக்குக் குடிவந்தபோது நாஃப்டா பழைய செய்தியாகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மட்டும் அது பழையதாகவில்லை. கார் இருக்கைகள் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். அந்த வேலை மெக்சிகோவுக்குப் போய்விட்டது. 1992 அதிபர் தேர்தலில், நாஃப்டாவை எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோவுக்கு வாக்களித்தவர். வேலை போனதைவிட, அதை யார், எந்த அதிகாரத்தில் முடிவு செய்தார்கள் என்பதுதான் அவருக்குத் தீராத கேள்வி. அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மூன்று இடங்களில் பேசுகிறது. முதல் கூறின் எட்டாம் பிரிவு, சுங்க வரி விதிப்பதையும் பிற நாடுகளோடு நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்துவதையும் காங்கிரஸின் கையில் கொடுக்கிறது. காங்கிரஸ் என்றால் இரண்டு அவைகளும் சேர்ந்தது. இரண்டாம் கூறு, உடன்படிக்கை செய்யும் வேலையை அதிபருக்கும் செனட்டுக்கும் கொடுக்கிறது. பிரதிநிதிகள் சபைக்கு அதில் இடமே இல்லை. ஆறாம் கூறு, அரசமைப்புச் சட்டம், அதற்கு உட்பட்டு இயற்றப்பட்ட சட்டங்கள், அமெரிக்காவின் பெயரால் செய்யப்பட்ட உடன்படிக்கைகள் ஆகியவை நாட்டின் உச்ச சட்டம் என்கிறது.

அப்படியானால் வர்த்தக உடன்படிக்கை யாருடைய வேலை? வணிகம் என்று பார்த்தால் இரண்டு அவைகளும் பேச வேண்டும். உடன்படிக்கை என்று பார்த்தால் செனட் மட்டும் போதும், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்தச் சிக்கல் நேற்று வந்ததல்ல. 1795-இல் பிரிட்டனோடு செய்த ஜே உடன்படிக்கையை செனட் 20-க்கு 10 என்று, சரியாக மூன்றில் இரண்டு பங்கோடு, ஏற்றது. அதை நிறைவேற்றப் பணம் ஒதுக்க வேண்டிய நேரத்தில் பிரதிநிதிகள் சபை முரண்டு பிடித்தது. வணிகத்தைத் தொடுகிற உடன்படிக்கை என்றால் எங்கள் சம்மதமும் வேண்டும், பேச்சுவார்த்தைக் காகிதங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அந்த அணிக்கு முன்னின்றவர் ஜேம்ஸ் மேடிசன், அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். வாஷிங்டன் காகிதங்களைத் தர மறுத்தார். கடைசியில் 1796 ஏப்ரல் 30 அன்று 51-க்கு 48 என்று பணம் ஒதுக்கப்பட்டது. சட்டத்தை எழுதியவர்களே உயிரோடு இருந்த காலத்தில், அது எழுதி பத்தாண்டு முடிவதற்குள், அவர்களாலேயே இதில் ஒத்துப்போக முடியவில்லை.

பிற்காலத்தில் ஒரு மூன்றாம் வழி உருவானது. அதிபர் பேசி முடிப்பார். இரண்டு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் இயற்றி அதை ஏற்கும். 1934-இல், பெருமந்தத்தின் நடுவே, வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் முன்னின்று கொண்டுவந்த பரஸ்பர வர்த்தக ஒப்பந்தச் சட்டம் அதிபருக்கு வரி குறைக்கும் அதிகாரத்தை முன்கூட்டியே கொடுத்தது. 1974-இல் வந்த வர்த்தகச் சட்டம் அதையும் தாண்டி ‘ஃபாஸ்ட் டிராக்’ முறையைக் கொண்டுவந்தது. அதன்படி, அதிபர் கொண்டுவரும் ஒப்பந்த மசோதாவில் ஒரு காற்புள்ளியைக்கூட உறுப்பினர்கள் திருத்த முடியாது. விவாதம் ஒவ்வொரு அவையிலும் 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு ஆம் அல்லது இல்லை. நாஃப்டா வந்த வாசல் இதுதான்.

இந்த வாசல் செல்லுமா என்று சட்டப் பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த லாரன்ஸ் டிரைப், செல்லாது என்றார். இரண்டு வழிகளில் வசதியானதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றால், மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியை எதற்காக எழுதினார்கள் என்பது அவர் கேள்வி. யேலைச் சேர்ந்த புரூஸ் ஆக்கர்மன், டேவிட் கோலோவ் என்பவரோடு சேர்ந்து மறுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடே இந்தப் புதிய முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே இது செல்லும் என்றார்கள் அவர்கள். வாசகத்தை வைத்துப் பார்த்தால் டிரைப் சொல்வதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. ஆனால் நாடு ஆக்கர்மன் சொன்ன வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பேராசிரியர்கள் சண்டை போடலாம், தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை அல்லவா? அங்கேயும் போனார்கள். எஃகுத் தொழிலாளர் சங்கமும் ‘மேட் இன் தி யு.எஸ்.ஏ. ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பும் சேர்ந்து அலபாமாவில் வழக்குத் தொடுத்தார்கள். வாதம் எளிமையானது: நாஃப்டா ஓர் உடன்படிக்கை, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை, ஆகவே செல்லாது. 1999-இல் மாவட்ட நீதிமன்றம், காங்கிரஸின் வணிக அதிகாரமும் அதிபரின் அதிகாரமும் சேர்ந்தால் இது செல்லும் என்றது. மேல்முறையீடு அட்லாண்டாவில் உள்ள பதினோராம் வட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2001 பிப்ரவரியில் வந்த அந்தத் தீர்ப்பைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

வழக்குத் தொடுத்தவர்களுக்கு வழக்காட உரிமை உண்டு என்று அந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. சில ஒப்பந்தங்கள் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டாயம் பெற வேண்டியவையாக இருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நாஃப்டா அப்படிப்பட்டதா என்பது அரசியல் கேள்வி, அதை முடிவு செய்யும் வேலை எங்களுடையது அல்ல என்று கையை எடுத்துக்கொள்கிறது. மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பையும் அழித்துவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. ஆக, நாஃப்டா அரசமைப்புச் சட்டப்படி செல்லும் என்று எந்த மேல்நீதிமன்றமும் சொன்னதில்லை. செல்லாது என்றும் சொன்னதில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பதில் கிடைக்காததில் வியப்பில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களே பதில் சொல்லவில்லை.

சரி, அந்த ஒப்பந்தங்கள் அரசமைப்புச் சட்டத்துக்கு இணையான அதிகாரம் கொண்டவையா? இந்தக் கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் இருக்கிறது: இல்லை. இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தில், கணவரைக் கொன்றதாக ஒரு படைவீரரின் மனைவியை ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தது. இரு நாட்டு ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. 1957-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் அரசமைப்புச் சட்டம் தரும் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். அதற்கும் முன்னால், 1888-இல், சர்க்கரை இறக்குமதியாளர்கள் ஒரு வழக்குப் போட்டார்கள். ஹவாய் சர்க்கரைக்கு வரி இல்லை, டொமினிக்கன் குடியரசோடு இருக்கும் உடன்படிக்கைப்படி அங்கிருந்து வரும் எங்கள் சர்க்கரைக்கும் வரி இருக்கக் கூடாது என்றார்கள். உடன்படிக்கையும் சட்டமும் ஒரே தட்டில் இருப்பவை, இரண்டும் மோதினால் பின்னால் வந்தது நிற்கும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர்களை அனுப்பிவிட்டது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கோடு வந்த உடன்படிக்கைக்கே அவ்வளவுதான் மரியாதை. நாளைக்கே காங்கிரஸ் ஒரு சாதாரணச் சட்டம் இயற்றினால் அது போய்விடும்.

நாஃப்டா, உலக வர்த்தக அமைப்பு ஆகியவற்றின் நிலை அதைவிடக் கீழே. 1994-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக இயற்றிய சட்டத்தின் 102-ஆம் பிரிவு, அமெரிக்கச் சட்டத்தோடு முரண்படும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது என்று எழுதிவைத்திருக்கிறது. நாஃப்டா சட்டத்திலும் அதே எண்ணுள்ள பிரிவு அதையே சொன்னது. தனி ஆள் யாரும் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு இதோடு விஷயம் முடிந்தது.

எனக்கு அது முடியாமல் போனது இங்கே உள்ள சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பகுதியில். ஆட்டுக்கறிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தால், எந்த நாட்டில் இருந்து வந்தது என்று ஒட்டியிருக்கும். கோழிக்கும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் மாட்டுக்கறியிலும் பன்றிக்கறியிலும் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே குளிர்பெட்டி, ஒரே கடை. காரணம் இதுதான்: 2008-இல் காங்கிரஸ் இயற்றிய பண்ணைச் சட்டத்தின்படி இந்த நான்கு இறைச்சிக்கும் பிறந்த நாட்டின் பெயர் கட்டாயமானது. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பிடம் புகார் செய்தன, வென்றன. 2015 டிசம்பரில், ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்கப் பொருட்கள் மீது பதிலடி வரி போடலாம் என்று அந்த இரண்டு நாடுகளுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த மாதமே காங்கிரஸ், பெரிய செலவுச் சட்டம் ஒன்றுக்குள் செருகி, மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் அந்த விதியை நீக்கியது. ஆட்டுக்கறி தகராறில் இல்லாததால் அதன் ஒட்டுத்தாள் தப்பித்தது.

இங்கே ஜெனிவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு அமெரிக்கச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. ரத்து செய்தது காங்கிரஸ்தான், முறைப்படி, வாக்கெடுத்து. 102-ஆம் பிரிவு ஒரு எழுத்தும் மீறப்படவில்லை. ஆனாலும் இரண்டு நாடுகள் பதிலடி அனுமதியோடு வாசலில் நிற்கும்போது எடுத்த முடிவு அது. சட்டப்படி அதிகாரம் இல்லாத ஒன்றுக்கு நடைமுறையில் இவ்வளவு வலு இருக்கிறது. இதைத்தான் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்ற மூன்றாம் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சட்டத்தின் சொற்களைத் தவறாகப் பயன்படுத்தினாலும், நடப்பதைச் சரியாகப் பார்த்தார்கள்.

அவர்கள் ஏன் மூன்றாம் கட்சியாக இருந்தார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நாஃப்டாவில் 1992 டிசம்பரில் கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் புஷ். நிறைவேற்றியவர் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன். பிரதிநிதிகள் சபையின் 234 ஆதரவு வாக்குகளில் 132 குடியரசுக் கட்சியுடையவை, 102 ஜனநாயகக் கட்சியுடையவை. கிளின்டனின் சொந்தக் கட்சியில் 156 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்த 200 பேரில் ஒருவர் சுயேச்சை, வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸ். இரண்டு பெரிய கட்சிகளின் தலைமையும் ஒரே பக்கம் நின்றதால், எதிர்ப்பவருக்கு அதிபர் தேர்தலில் போய்ச் சேர இடம் இல்லை. அந்த இடத்துக்குத்தான் பெரோ வந்தார்.

1992 அக்டோபரில் நடந்த விவாதத்தில், வேலைகள் எல்லாம் தெற்கே உறிஞ்சப்படும் பேரொலியைக் கேட்பீர்கள் என்று அவர் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. அந்தத் தேர்தலில் 18.9 சதவீத வாக்கு வாங்கினார், ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, 1993 நவம்பர் 9 அன்று, துணை அதிபர் அல் கோரோடு தொலைக்காட்சியில் மோதினார். 1930-இல் சுங்க வரியை ஏற்றிய ஸ்மூட், ஹாலி இருவரின் படத்தை ஃபிரேம் போட்டு எடுத்துவந்து பெரோவிடம் கொடுத்தார் கோர். பெரோ தடுமாறினார். எட்டு நாள் கழித்து நாஃப்டா தேறியது. பெரோ பேசியது முழுக்க வேலையும் கூலியும் பற்றித்தான்; அரசமைப்புச் சட்டம் அவர் பேச்சில் அதிகம் வராது. அது அவருடைய பலவீனம் என்றே நினைக்கிறேன். வேலை எவ்வளவு போகும் என்ற கணக்கைப் பொருளாதார வல்லுநர்கள் மறுக்க முடியும், மறுத்தார்கள். 66-க்குப் பதில் 61 என்ற கணக்கை யாரும் மறுத்திருக்க முடியாது.

ரால்ஃப் நேடர் வேறு மாதிரி. பசுமைக் கட்சி வேட்பாளராக 1996-இலும் 2000-இலும் நின்றவர். அதற்கு முன்பே, 1994-இல், உலக வர்த்தக அமைப்பு மசோதா வந்தபோது காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு சவால் விட்டார்: ஒப்பந்தத்தைப் படித்துவிட்டேன் என்று உறுதிமொழி கொடுத்து, பொதுவில் நான் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அட்டவணைகளோடு சேர்த்தால் 20,000 பக்கங்களுக்கு மேல் வரும் ஆவணம் அது. கொலராடோவின் செனட்டர் ஹேங்க் பிரவுன் மட்டும் முன்வந்தார். குடியரசுக் கட்சிக்காரர், தடையற்ற வர்த்தகத்தை ஆதரிப்பவர், நாஃப்டாவுக்கு வாக்களித்தவர். உட்கார்ந்து படித்தார். கேள்விகளுக்குச் சரியாகப் பதிலும் சொன்னார். பிறகு, படித்ததால்தான் மனம் மாறினேன் என்று அறிவித்து எதிராக வாக்களித்தார். மசோதா 76-க்கு 24 என்று தேறியது. இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே நேடரை நான் மதிக்கிறேன். 20 மணி நேர விவாதம், திருத்தம் கிடையாது என்ற முறை ஒரு மக்களவையை என்ன செய்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

வலது பக்கத்தில் இருந்து இதே கேள்வியைக் கேட்டவர் ஹோவர்ட் பிலிப்ஸ். அவர் தொடங்கிய வரிசெலுத்துவோர் கட்சி 1999-இல் அரசமைப்புக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1992, 1996, 2000 மூன்று தேர்தல்களிலும் அவரே வேட்பாளர். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது, அதை வெளிநாட்டு அமைப்புக்குக் கைமாற்ற காங்கிரஸுக்கே உரிமை கிடையாது, நாஃப்டாவில் இருந்தும் உலக வர்த்தக அமைப்பில் இருந்தும் வெளியேற வேண்டும் என்பது கட்சியின் நிலையாக இருந்தது. அந்தக் கட்சியின் மற்ற கொள்கைகளில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு கிடையாது. வெளியேறினால் எல்லாம் சரியாகும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது என்ற இடத்தில் அவர்கள் வாதத்துக்கு அடிப்படை உண்டு. 2000-இல் சீர்திருத்தக் கட்சி சார்பில் நின்ற பேட் புக்கானன் இறையாண்மை போய்விட்டது என்று முழங்கினார். அவர் பேச்சில் கோபம் அதிகம், சட்டம் குறைவு.

ரான் பால் இந்த வரிசையில் தனித்து நிற்பவர். 1988-இல் சுதந்திரவாதக் கட்சியின் அதிபர் வேட்பாளர், பிறகு குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரஸ் உறுப்பினர். உலக வர்த்தக அமைப்பில் தொடர்வதா என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவர 1994 சட்டத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். 2000-இல் அந்த வழியாக வெளியேறும் தீர்மானம் கொண்டுவந்தார். 56-க்கு 363 என்று தோற்றது. 2005-இல் அவரும் சாண்டர்ஸும் சேர்ந்து நின்றார்கள், 86-க்கு 338 என்று அப்போதும் தோற்றது. தடையற்ற வர்த்தகத்தை முழுதாக நம்புகிறவரும் சோஷலிஸ்ட் என்று தன்னை அழைத்துக்கொள்பவரும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். சண்டை வரி அதிகமா குறைவா என்பதில் இல்லை, முடிவு யார் கையில் என்பதில்தான் என்று எனக்கு உறைத்தது அந்த வாக்குப் பட்டியலைப் பார்த்தபோது.

2016-க்கு வந்தால் மூன்றாம் கட்சிகளே இரண்டாகப் பிரிந்து நின்றன. பசிபிக் கரையோர நாடுகளோடு பேசி முடித்த பசிபிக் கூட்டு வர்த்தக ஒப்பந்தத்தைப் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் கடுமையாக எதிர்த்தார். சுதந்திரவாதக் கட்சியின் கேரி ஜான்சன், வர்த்தகத்தை விரிவாக்கும் என்ற நம்பிக்கையில் ஆதரித்தார். தேர்தலில் ஜான்சனுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு, ஸ்டைனுக்கு 1 சதவீதத்தை ஒட்டி. அந்த ஒப்பந்தம் காங்கிரஸில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2017 ஜனவரியில் புதிய அதிபர் ஒரு கையெழுத்தில் விலகினார். அதைச் செய்ததும் ஒரே ஒருவர்தான்.

இவர்கள் எல்லோரும் தொட்டும் போதிய அளவு அழுத்தாத ஒன்று, தனியார் முதலீட்டாளர்கள் நாட்டின் மீதே வழக்குப் போட இடம் கொடுத்த நாஃப்டாவின் பதினோராம் அத்தியாயம். கனடாவின் இறுதிச்சடங்கு நிறுவனமான லோவன் மிசிசிப்பியில் ஒரு வணிகத் தகராறில் தோற்றது. 1995-இல் ஜூரி 50 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த நிறுவனம், மாநில நீதிமன்றத்தில் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று நாஃப்டா நடுவர் மன்றத்துக்குப் போனது. 2003-இல் வழக்கு தள்ளுபடியானது, அமெரிக்கா வென்றது. வென்றது பற்றி எனக்கு நிம்மதி இல்லை. ஒரு மாநிலத்தின் ஜூரி கொடுத்த தீர்ப்பை, அரசமைப்புச் சட்டத்தில் எங்கேயும் இல்லாத மூன்று நடுவர்கள் உட்கார்ந்து எடைபோட முடிந்தது என்பதே போதும். கனடாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. எம்.எம்.டி. என்ற பெட்ரோல் கலவைப்பொருளின் இறக்குமதியைத் தடுத்ததற்காக வர்ஜீனியாவின் எத்தில் நிறுவனம் வழக்குப் போட, 1998-இல் ஏறத்தாழ 1.3 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து, தடையையும் விலக்கிக்கொண்டது.

நம் ஊர் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். இந்தியா 1994 ஏப்ரலில் மராகேஷில் உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது நாடாளுமன்றத்தின் வாக்கைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. 253-ஆம் உறுப்பு, கையெழுத்தான ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை, மாநிலப் பட்டியலில் உள்ள விஷயமானாலும், நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அப்புறம் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் போட்ட வழக்கு. ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் காப்புரிமைத் தகராறில், பழைய மருந்தைச் சற்று மாற்றி மறுபடி காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும், நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அந்த முரணை ஆராயும் இடம் இது அல்ல, அதற்குத் தனி மன்றம் இருக்கிறது என்று சொல்லி மனுவைத் தள்ளியது. அட்லாண்டா நீதிமன்றம் கை விலக்கியதால் தொழிலாளிக்குப் பதில் கிடைக்காமல் போனது; சென்னை நீதிமன்றம் கை விலக்கியதால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தப்பியது, மலிவு விலை மருந்தும் தப்பியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. மக்கள் பிரதிநிதிகள் உண்மையிலேயே விவாதித்து, திருத்தி, எழுதிய சட்டம் எது என்பதுதான் எனக்கு அளவுகோல். 3(டி) அப்படி எழுதப்பட்டது. நாஃப்டா மசோதாவை யாரும் திருத்தியிருக்க முடியாது.

இப்போது அதே நோய் மறுபக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த அமெரிக்க-மெக்சிகோ-கனடா ஒப்பந்தம் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. செனட்டில் 89-க்கு 10, பழைய நாஃப்டாவுக்குக் கிடைக்காத மூன்றில் இரண்டு பங்கை எளிதாகத் தாண்டியது. அப்படியும் 2025-இல் அதே இரண்டு அண்டை நாடுகள் மீது அதிபர் 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைச் சட்டத்தைக் காட்டிச் சுங்க வரி போட்டார். அந்த ஆண்டு மே மாதம், சிறு இறக்குமதியாளர்களும் சில மாநிலங்களும் போட்ட வழக்கில், அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அந்தச் சட்டம் இவ்வளவு அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் ஒப்பந்தம் வந்தபோது தடையற்ற வர்த்தகக்காரர்கள் மகிழ்ந்தார்கள். காங்கிரஸைத் தாண்டி வரி வந்தபோது அவர்களே பதறினார்கள். முதலாவதை அனுமதித்த பழக்கம்தான் இரண்டாவதையும் துணிய வைத்தது என்பது என் முடிவான கருத்து. எட்டாம் பிரிவு காங்கிரஸின் கையில் கொடுத்த அதிகாரத்தை 1934-இல் இருந்து காங்கிரஸ்காரர்களே தவணை முறையில் அதிபருக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

புதிய ஒப்பந்தத்தின் ஆயுள் 16 ஆண்டு. ஆறாம் ஆண்டு நிறைவில், அதாவது 2026 ஜூலை 1 அன்று, மூன்று நாடுகளும் சேர்ந்து அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும், நீட்டிக்கலாமா என்று சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதற்கு முன் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். நீட்டிப்பதற்கு காங்கிரஸ் வாக்களிக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. என் தொகுதியின் பிரதிநிதிக்கு நான் எழுதிய கடிதத்தில் கேட்டிருப்பது அந்த ஒரு வரியைத்தான்: நீட்டிப்பை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் மசோதா ஒன்றை அவர் ஆதரிக்கத் தயாரா, அந்த வாக்கெடுப்பில் திருத்தங்களுக்கு இடம் இருக்குமா. கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் படித்தார். தன் கையெழுத்தையும் கீழே சேர்க்கச் சொன்னார்.